60 வாட் ஸ்பீக்கருக்கு 75 வாட் ஆம்ப் போடலாமா?

கேள்வி இது. ஒரு ஹேட்ச்பேக் காரின் முன் கதவுகளுக்கு 6½ இன்ச் கம்போனன்ட் செட் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது) வாங்கியாயிற்று. பெட்டியில் 350 வாட் மேக்ஸ், 60 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் பவர்), 4 ஓம் என்று இருக்கிறது. டிக்கிக்கு 12 இன்ச் சப்வூஃபர்: 1400 வாட் மேக்ஸ், 400 வாட் ஆர்.எம்.எஸ்., இரட்டைக் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்), காயிலுக்கு 4 ஓம். கையில் இருப்பது 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). 4 ஓமில் சேனலுக்கு 75 வாட், 2 ஓமில் 110, பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனல்களை ஒன்றாகச் சேர்த்தால்) 4 ஓமில் 220. "ஆம்ப் ஸ்பீக்கரில் பாதிதான் இருக்கணும், இல்லாட்டி காயில் போயிடும்" என்கிறார் ஒரு கடைக்காரர். "சின்ன ஆம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும், ரெண்டு மடங்கு போடுங்க" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? இந்த ஒரு ஆம்பே எல்லாவற்றையும் ஓட்டுமா?

முன் கதவுக்கு இந்த ஆம்ப் நல்ல பொருத்தம். சப்புக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் முதல் காரணம் வாட் அல்ல, ஓம் இடிக்கிறது. கடைக்காரர்கள் இருவரும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதி டெக்கின் வால்யூமையும் ஆம்பிலுள்ள கெயின் குமிழையும் திருகும் கையில் இருக்கிறது.

முதலில் மேக்ஸ் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். டேப் ரிக்கார்டர் காலத்தில் உள்ளங்கை அகல ஸ்பீக்கரின் மேல் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டி விற்றார்களே, அதன் பேரப்பிள்ளைதான் இது. எப்படி அளந்தார்கள், எத்தனை நேரம் தாங்கும் என்று எதையும் அது சொல்வதில்லை. 60, 75, 400 ஆகிய ஆர்.எம்.எஸ். எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசலாம்.

டெக்கின் (டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டி) முகப்பில் 50×4, அதாவது நான்கு சேனலுக்குத் தலா 50 வாட், என்று அச்சிடுகிறார்களே, அந்த 50 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த விளையாட்டு முழுக்கப் புரிந்துவிடும். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். பொதுவாக டெக்குக்குள் இருக்கும் சிப்பில் அதை ஏற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை கிடையாது. ஆகவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சுத்தமான சைன் அலை போக வேண்டுமானால் அதன் உச்சம் 14.4-ஐத் தாண்ட முடியாது. 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 26 வாட். சிப்புக்குள் நடக்கும் இழப்பைக் கழித்தால் 18 முதல் 20. அலையின் தலையை முழுக்க வெட்டிச் சதுரமாக்கினால் 8-க்குப் பதில் 4-ஆல் வகுக்கலாம்; 52 வாட் வந்துவிடுகிறது. விளம்பரத்து 50 அதுதான். கேட்கவே முடியாத, கரகரக்கும் 50.

தனி ஆம்புகளில் சி.இ.ஏ.-2006 முறைப்படி அளந்தது என்று போட்டிருந்தால் நம்பலாம். 14.4 வோல்ட், 4 ஓம், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள் என்று நிபந்தனை வைத்து அளக்கும் முறை அது. போடாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். ஆம்பின் ஓரத்தில் குத்தியிருக்கும் ஃபியூஸ்களின் ஆம்பியர் எண்ணைக் கூட்டி 13.8-ஆல் பெருக்குங்கள். அதிகம் சூடாகும் கிளாஸ் ஏபி வகை ஆம்பாக இருந்தால் அதில் பாதிக்குச் சற்று மேல், குறைவாகச் சூடாகும் கிளாஸ் டி-யாக இருந்தால் ஐந்தில் நான்கு பங்கு. உண்மையான பவர் ஏறக்குறைய அவ்வளவுதான். 3000 வாட் என்று பளபளவென்று எழுதி 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றே ஒன்று குத்தியிருந்தால், உள்ளே போவதே 414 வாட். வெளியே 3000 வர வழியில்லை.

இப்போது 60-க்கு 75. ஓசைக் கணக்கில் இவை இரண்டுக்கும் வித்தியாசம் 1 டெசிபல். காது கூர்ந்து கவனித்தால்தான் தெரியும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 மடங்கு வாட் வேண்டும். 60-க்கு 60-ஏ வேண்டும் என்று கடை கடையாக அலைவது வீண். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ்.ஸில் முக்கால் பங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை, அதாவது இந்த ஸ்பீக்கருக்கு 45 முதல் 90 வாட் வரை, எந்த ஆம்பும் சரிதான். காசு வீணாவது வேறு இடத்தில். 88 டெசிபல் சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) உள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்து வரும் சத்தம் 91 டெசிபல் ஸ்பீக்கரில் 50 வாட்டிலேயே வந்துவிடும். ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலர் 1 வாட்டில் அளக்கிறார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளக்கிறார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட். அப்படி அளந்த எண்ணில் 3 டெசிபல் இனாமாகச் சேர்ந்திருக்கும்.

"சின்ன ஆம்ப்தான் எரிக்கும்" என்ற பேச்சுக்கு வருவோம். குறைந்த பவர் என்பதற்காக எந்தக் காயிலும் எரிவதில்லை. அப்படியானால் மெதுவாகப் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் போய்க்கொண்டிருக்க வேண்டும். காயிலை எரிப்பது சூடு. சூட்டைத் தருவது சராசரி பவர். சாதாரணப் பாட்டில் மிருதங்கமோ டிரம்ஸோ அடிக்கும் ஒரு கணம் மட்டும்தான் ஆம்ப் உச்சத்தைத் தொடும். சராசரி அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆக 75 வாட் ஆம்ப் வெட்டுப்படாமல் முழு மூச்சில் பாடும்போது காயிலுக்குப் போகும் சராசரி 7, 8 வாட். 60 வாட் தாங்கும் காயிலுக்கு அது ஒன்றுமேயில்லை.

அதே இடத்தில் 40 வாட் ஆம்ப் இருக்கிறது, சத்தம் போதவில்லை, கெயினைத் திருகுகிறீர்கள். உச்சங்கள் 40-ஐத் தாண்ட முடியாமல் தலை வெட்டுப்படுகின்றன. ஆனால் மற்ற பகுதிகள் எல்லாம் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. இன்னும் திருகினால் அலை சதுரத்தை நோக்கிப் போகிறது. முழுச் சதுரமானால் 40 வாட் ஆம்ப் 80 வாட் தரும், அதுவும் ஓய்வில்லாமல். 60 வாட் காயில் இப்போது வேகிறது. முதலில் போவது மேல் ஸ்தாயியைப் பாடும் ட்வீட்டர். அதன் காயில் தலைமுடி கனம். செட் 60 வாட் என்றாலும் ட்வீட்டர் தனியாகத் தாங்குவது சில வாட்டுகள்தான். வெட்டுப்படும் உச்சங்கள் பெரும்பாலும் பாஸ் உச்சங்கள் என்பதால், மேல் ஸ்தாயியின் பங்கு மொத்தத்தில் கூடிக்கொண்டே வந்து அதன் தலையில் விழுகிறது. ஆம்பின் எண் சின்னதா பெரிதா என்பது இங்கே இரண்டாம் விஷயம். கரகரப்பு கேட்ட பிறகும் குறைக்காத கைதான் எரித்தது.

அதற்காக நான்கு மடங்கு ஆம்ப் வாங்கினால் பத்திரம் என்றும் இல்லை. ஸ்பீக்கருக்கு இரண்டு விதச் சாவு உண்டு. ஒன்று சூடு, மற்றது ஆட்டம். கோன் முன்னும் பின்னும் போகக்கூடிய தூரம் கதவு ஸ்பீக்கர்களில் சில மில்லிமீட்டர்தான். ஒரே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40-இல், எடுக்க வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 60 வாட் ஸ்பீக்கருக்கு 40 ஹெர்ட்ஸில் 30 வாட் கொடுத்தாலே காயில் பின்தட்டில் போய் டக் டக்கென்று இடிக்கலாம், கோனைப் பிடித்திருக்கும் ஸ்பைடர் கிழியலாம். எனவே 60 வாட் என்ற எண் கீழ் அலைவரிசைகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரோடு சேர்த்துத்தான் அர்த்தமாகும். சப் இருக்கிறது என்பதால் முன் கதவுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் போடுங்கள். சரிவு ஆக்டேவுக்கு 12 டெசிபலோ 24-ஓ இருக்கட்டும். எத்தனை வாட் என்று கேட்டு அலைபவர்களில் பலர் இந்த ஒரு சுவிட்சைத் தொடுவதே இல்லை.

சப்புக்கும் இதேபோல ஒன்று உண்டு. போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியானால், போர்ட்டின் டியூனிங்குக்குக் கீழே போகும் அலைவரிசையில் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. கயிறு அறுந்த பட்டம் மாதிரி ஆடும். 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பெட்டிக்கு 28, 30 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் அவசியம். மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக நின்று காப்பாற்றும்.

இனி அந்த 400 வாட் சப். இரட்டைக் காயில், தலா 4 ஓம். இரண்டையும் பேரலலாகக் கட்டினால் 2 ஓம், சீரிஸாகக் கட்டினால் 8 ஓம். 4 ஓம் வரவே வராது. உங்கள் ஆம்பின் பிரிட்ஜ் 4 ஓமுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. பிரிட்ஜ் செய்யும்போது இரண்டு சேனல்கள் ஒரு லோடைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு சேனலும் அதில் பாதி ஓமைத்தான் பார்க்கும். 2 ஓம் சப்பைப் பிரிட்ஜில் மாட்டினால் சேனலுக்கு 1 ஓம். பெட்டியில் 2 ஓம் தாங்கும் என்று போட்டிருப்பது பிரிட்ஜ் இல்லாதபோது. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு சிவப்பு விளக்கு எரிந்து, ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள புரொடெக்ட்டுக்குப் போகும். மலிவான ஆம்பாக இருந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் நேராகவே போய்விடும்.

8 ஓமில் பிரிட்ஜ் செய்தால் ஆபத்தில்லை. சேனலுக்கு 4 ஓம் ஆகிறது; 75-உம் 75-உம் சேர்ந்து 150 வாட். 400-உடன் ஒப்பிட்டால் 4 டெசிபலுக்குச் சற்று அதிகமாகக் குறையும். சின்னக் காருக்குள், நல்ல பெட்டியில், 150 வாட்டே பலருக்குப் போதும். வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். சப்பை இன்னும் பிரிக்கவில்லை, கடையில் மாற்றித் தருவார்கள் என்றால் அதே மாடலில் தலா 2 ஓம் காயில் உள்ளதை வாங்குங்கள். சீரிஸில் 4 ஓம், பிரிட்ஜில் 220 வாட். ஆனால் 150-க்கும் 220-க்கும் வித்தியாசம் 1.7 டெசிபல்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். 400-ஐ முழுதாகத் தர வேண்டுமானால் 2 ஓமில் 400 முதல் 500 வாட் தரும் கிளாஸ் டி மோனோபிளாக் (ஒரே சேனல் ஆம்ப்) ஒன்றைத் தனியாக வாங்கி, காயில்களைப் பேரலலாகக் கட்டுவதுதான் நேர் வழி. காயில் இரண்டில் ஒன்றை மட்டும் இணைத்து 4 ஓம் வந்துவிட்டது என்று ஓட்டுகிறார்கள் சிலர். அப்போது சூடு முழுக்க ஒரே காயிலில் இறங்கும், தாங்கும் சக்தி பாதியாகும், பாஸும் தொளதொளக்கும்.

கட்டி முடித்ததும் ஆம்பில் மாட்டும் முன் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்துவிடுங்கள். 4 ஓம் காயில் 3.2 முதல் 3.7 வரை காட்டும்; அது பழுதல்ல, டி.சி. தடை எப்போதும் சற்றுக் குறைவுதான். 2 ஓம் என்று நினைத்த கட்டு 0.9 காட்டினால் எங்கோ ஒயர் மாறியிருக்கிறது.

கெயின் என்பது வால்யூம் அல்ல. டெக் தரும் வோல்ட்டுக்கு ஆம்பைப் பழக்கும் திருகு. ஆம்பின் பவரைக் குறைக்கும் பூட்டும் அல்ல. கெயினைப் பாதியில் வைத்தால் ஆம்ப் பாதிப் பவர்தான் தரும் என்று நம்பி, டெக்கில் வால்யூமை முழுக்க வைத்தால் அதே வெட்டுத்தான் விழும். அமைக்க வேண்டியது இப்படி. ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். டெக்கில் பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாம் பூஜ்யம். ஆம்பில் பாஸ் பூஸ்ட் பூஜ்யம், கெயின் முழுக்க இடதுபுறம். என்ஜினை ஓடவிட்டு, முழு அளவில் பதிந்த சைன் டோனை யு.எஸ்.பி.யில் போட்டு ஓட்டுங்கள். புளூடூத் வேண்டாம், போனின் வால்யூம் ஒரு குழப்பம். சப்புக்கு 50 ஹெர்ட்ஸ். கதவுக்கு 1 கிலோஹெர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் மஞ்சள் நிற மலிவு மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஏ.சி.யைச் சரியாகக் காட்டும். 300 ஹெர்ட்ஸ் டோனை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்கின் வால்யூமை முக்காலில் நிறுத்துங்கள். 40 வரை போகும் டெக்கானால் 30. இனி அதுதான் உங்கள் எல்லை. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, கெயினை மெல்லத் திருகி, வாட்டை ஓமால் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம் வரும் இடத்தில் விடுங்கள். 75 வாட், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ட். ஸ்பீக்கரின் 60-ஓடு நின்றுகொள்ள நினைத்தால் 15.5. சப்பை 8 ஓம் பிரிட்ஜில் 150 வாட் என்றால் 34.6, மோனோபிளாக்கில் 2 ஓம், 400 வாட் என்றால் 28.3.

இந்த அளவு ஸ்பீக்கர் இல்லாமல் எடுத்தது. லோடு ஏறும்போது பேட்டரி வோல்ட் சரிந்தால் ஆம்ப் அதற்கு முன்பே வெட்டத் தொடங்கும். ஆகவே மாட்டிய பிறகு தெரிந்த பாட்டொன்றைப் போட்டு அந்த 30 வரை ஏற்றிக் கேளுங்கள். கரகரத்தால் கெயினைக் குறையுங்கள், எண் என்ன சொன்னாலும் சரி.

பாஸ் பூஸ்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 6 டெசிபல் பூஸ்ட் அந்த அலைவரிசையில் 4 மடங்கு பவரைக் கேட்கும், 12 டெசிபல் 16 மடங்கு. மீட்டர் வைத்து 400 வாட்டுக்கு அழகாக அமைத்துவிட்டு, பிறகு டேஷ்போர்டில் மாட்டிய பாஸ் குமிழை முழுக்கத் திருகினால் அமைத்ததெல்லாம் வீண். அந்தக் குமிழ் வெறும் லெவலைக் குறைப்பதாக இருந்தால் அதை முழுக்க ஏற்றி வைத்தே கெயினை அமையுங்கள். பூஸ்ட் செய்வதாக இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒயருக்கு வருவோம். முன் கதவு இரண்டுக்கு 150 வாட், ஏபி ஆம்ப் என்றால் பேட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியர். 400 வாட் மோனோபிளாக் 36. ஆக உச்சத்தில் 56 ஆம்பியர். என்ஜினிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வைத்தால், 4 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும்) சுத்தச் செம்பில் இழப்பு கால் வோல்ட்டுக்குள். 8 கேஜில் 0.6 வோல்ட். கிட் என்று மலிவாக விற்பதில் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அதே கேஜில் தடை ஒன்றரை மடங்கு. முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். அதைத்தான் வாங்குவது என்றால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது காப்பது ஒயரை, ஆம்பை அல்ல. 4 கேஜ் செம்புக்கு 100 ஆம்பியரைத் தாண்ட வேண்டாம். எர்த்தை பாடி தகட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில், அதே கேஜ் ஒயரில், அரை மீட்டருக்குள் கட்டுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மினுக்கினால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடை முழுக்க "கபாசிட்டர் போடுங்க சார்" என்று சொல்லும். அதற்கு முன் எர்த்தையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். பாதிக் கேஸ் அங்கேயே தீரும்.

ஏற்கெனவே ஒரு ஸ்பீக்கர் போயிருந்தால் அது எதனால் போனது என்று அதுவே சொல்லும். மீட்டரில் ஓம் காட்டவே இல்லை, அல்லது கோன் பக்கம் மூக்கை வைத்தால் கருகிய வார்னிஷ் வாசனை என்றால் சூட்டில் போனது: கெயினையும் வால்யூமையும் பாருங்கள். ஓம் சரியாக இருந்து, இரண்டு கட்டைவிரலாலும் கோனை நேராக அழுத்தும்போது சர் சர்ரென்று உரசினால் காயில் உருக்குலைந்திருக்கிறது. சூடாகவும் இருக்கலாம், பின்தட்டில் இடித்ததாகவும் இருக்கலாம். கோன் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினாலோ ஸ்பைடர் விட்டிருந்தாலோ ஆட்டத்தில் போனது: ஹை-பாஸ், சப்சோனிக் இரண்டையும் போடாமல் புது ஸ்பீக்கர் மாட்ட வேண்டாம். வூஃபர் நன்றாக இருந்து ட்வீட்டர் மட்டும் செத்திருந்தால், கம்போனன்ட் செட்டோடு வந்த, அலைவரிசையைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் டப்பா வழியாகத்தான் ஒயர் போகிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் தாண்டி ட்வீட்டரை ஆம்பில் நேரே மாட்டியிருந்தால் 75 வாட் வேண்டாம், டெக்கின் 18 வாட்டே அதற்கு எமன்.